வெறுங்காலும் கேடயமும்

கொடைக்கானலில் 'ஸீஸன்' என்றால் சித்திரையும் வைகாசியும். சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பழனி மலைத் தொடரின்மேல் ஏறும் காலம் அது. கால்பந்து ஆடுகிறவனைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான். மழை பெய்து, மைதானம் இளகி, புல் தழைத்து நிற்கும் காலந்தான் அவனுக்கு ஸீஸன். இந்த இரண்டு ஸீஸன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட ஒரு மாலைப் பொழுதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சமவெளியிலிருந்து உல்லாசப் பிரயாணமாக வந்திருந்த இரண்டு கல்லூரிக் கோஷ்டிகள் ஏரிக்கு மேலேயுள்ள ஒரு மேட்டு நிலத்தில் பந்தாடிக் கொண்டிருந்தன. கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி உயரம். பத்து நிமிஷம் ஓடுவதற்குள் பிள்ளைகளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிற்று. அதோடு போயிற்றா? கீழே பள்ளத்தாக்கில் சும்மா கிடந்த மூடுபனி மெள்ள எழுந்து வந்து, வேடிக்கை பார்க்க வந்தது போல் எல்லைக் கோட்டருகில் சற்று நின்றது. பிறகு, யாருடைய அனுமதியும் கேளாமல் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இருபத்திரண்டு பிள்ளைகளும் மறைந்தார்கள். பந்தின்மேல் கால் படும் 'தொம்' என்ற ஓசையும், ஊதலும், "டேய், இங்கே! இங்கே!" என்ற குரல்களும் மாத்திரம் வெள்ளைத் திரைக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தன. திடீரென்று பெரிய ஆரவாரம். கோல் விழுந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பக்கம்?

"யார் போட்டது, தம்பி?" என்று பனியை நோக்கிக் கேட்டார் என் பக்கத்தில் கம்பளி போர்த்து நின்றிருந்த ஒரு பெரியவர். பனி பதில் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கல்கத்தாவிலே அந்தக் காலத்திலே பட்டம் விட்டுச் சொன்னாங்களாம், ஐயா. இங்கே பட்டம் விட்டாக்கூடத் தெரியாது போலிருக்கே!" என்றார்.

அந்தப் பெரியவருடைய பட்டத்தின் நூலைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது.

1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி, சனிக்கிழமை மாலை, கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் என்னும் வங்காளி கோஷ்டியும் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இந்திய கால்பந்துச் சங்கத்தின் கேடயத்துக்காகப் பொருதினார்கள். கூடிய ஜனங்கள் அறுபதினாயிரம் என்பாரும் உண்டு. லட்சம் என்பாரும் உண்டு. எண்ணியவர் யார்? வெளியூர்களிலிருந்து விசேஷ ரயில்கள் விட்டார்கள். கங்கையில் நீராவிப் படகுகள் கூட்டம் கூட்டமாய் ஆட்களை இறக்கின. இரண்டு ரூபாய்ச் சீட்டு பதினைந்து ரூபாய் வரை விலை போனதாகச் சொல்வார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பந்தைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. மரக்கிளையில் இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. எட்டாத தூரத்தில் நின்றவர்களுக்காகத்தான் பட்டங்கள். யாருக்கு எத்தனை கோல் என்பதைப் பட்டத்தில் எழுதி ஆகாயத்தில் ஏற்றினார்கள்.

ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு நகரமே நின்ற அந்த ஒரு மாலையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த மாலை முப்பத்து நான்கு வருஷத்துக்கு முந்தியே தொடங்கிவிட்டது என்று தோன்றுகிறது. அது தொடங்கிய இடமும் கோட்டையல்ல, கொத்தளமல்ல. ஒரு பள்ளிக்கூடத்து முற்றம்.

1877-ம் வருஷம். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற எட்டு வயதுப் பையன் தன் தாயாருடன் கங்காஸ்நானத்துக்கு வண்டியில் போய்க் கொண்டிருந்தான். வழியில் மைதானத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து உதைத்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். பையன் வண்டியைவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தான். பந்து உருண்டு அவன் காலடிக்கே வந்தது. ஒரு சிப்பாய் அதைத் திருப்பி உதைக்கும்படி சைகை காட்டினான். பையன் உதைத்தான். வங்காளத்தில் கால்பந்தின் கதை அந்த ஓர் உதையில் ஆரம்பமாயிற்று என்பார்கள்.

அந்தப் பையன் ஹேர் பள்ளிக்கூடத்துத் தோழர்களிடம் காசு வசூலித்துக் கடையில் ஒரு பந்து வாங்கினான். கடையில் கிடைத்ததோ ரக்பி ஆட்டத்துக்குரிய முட்டை வடிவப் பந்து! முட்டைக்கும் உருண்டைக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பிள்ளைகள் அதையே மெய்ம்மறந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த பிரசிடென்ஸி கல்லூரியின் ஆசிரியர் ஸ்டாக் என்பவர் மாடியிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சரியான பந்து ஒன்றைத் தருவித்துக் கொடுத்து, ஆட்டத்தையும் கற்றுக் கொடுத்தார். வெள்ளைக்காரரை வெள்ளைக்காரருடைய ஆட்டத்திலேயே தோற்கடித்த கதையின் முதல் உபாத்தியாயரும் ஒரு வெள்ளைக்காரர்தான். அவருக்கு உரிய நன்றியைச் செலுத்திவிட்டு மேலே செல்வோம்.

பந்து கிடைத்தால் போதுமா? பந்து தோலால் ஆனது. காசுமீரத்தில் ஸ்ரீநகரத்துப் பாதிரிப் பள்ளிக்கூடத்தில் 1891-ல் டிண்டேல் பிஸ்கோ என்ற தலைமை ஆசிரியர் முதன் முதலாக ஒரு கால்பந்தைக் கொண்டு வந்து காட்டியபோது, பிராம்மணப் பிள்ளைகள் அதைத் தொடவே மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, மைதானத்தைச் சுற்றிலும் தடி பிடித்த ஆசிரியர்களை நிறுத்தி ஆட வைத்தார். ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட்டது. தீட்டு ஒட்டிக்கொண்டதே என்று அவன் அழ, ஆட்டத்தை நிறுத்தி, வாய்க்காலில் முகம் கழுவச் செய்து, பிறகு மறுபடியும் ஆடினார்களாம். இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. அந்தப் பையனுக்கு அது சிரிப்பாக இருந்திராது.

கல்கத்தாவில் தீட்டு வேறு உருவத்தில் வந்தது. வாலிபனான நாகேந்திர பிரசாத் ஸ்தாபித்திருந்த சங்கத்தில், மணி தாஸ் என்ற குயவர் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளான மற்ற அங்கத்தினர்கள் முகம் சுளித்தார்கள். நாகேந்திரர் சமாதானம் பேசவில்லை, சங்கத்தையே கலைத்துவிட்டார்! பிறகு சோவாபஜார் சங்கம் என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி, அதில் மணி தாஸைச் சேர்த்துக்கொண்டார். 1892-ல் வர்த்தகர் கோப்பைப் பந்தயத்தில் கிழக்கு ஸர்ரே ரெஜிமெண்டை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தச் சோவாபஜார் கோஷ்டி தோற்கடித்தது. மணி தாஸ் பிற்காலத்தில் மோகன் பகான் சங்கத்திலும் ஆடினார்.

இந்த ஒரு செய்கைக்காகவே நாகேந்திர பிரசாதை நான் நமஸ்கரிக்கிறேன். 1911-ல் வந்த கேடயம் உலகமறிந்தது. அதற்கு முன்பே, பார்ப்பாரும் இல்லாமல் பட்டமும் இல்லாமல் வென்ற பந்தயம் இது.

* * *

இனி மோகன் பகானுக்கு வருவோம். இந்தச் சங்கம் பிறந்த தேதி 1889 ஆகஸ்டு 15. தேதியைப் பார்த்துவிட்டு, பிற்காலத்தில் யாரோ திருத்தி எழுதினார்கள் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். சில சமயம் பஞ்சாங்கமும் வேடிக்கை செய்வதுண்டு. 1906, 1907, 1908 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ந்து வர்த்தகர் கோப்பையை வென்றவர்கள் 1909-ல் கேடயப் பந்தயத்துக்குள் காலெடுத்து வைத்தார்கள். அந்தத் தடவை பட்டாளக்காரர்களின் முன் நிற்க முடியவில்லை.

1911-ம் வருஷத்துக் கோஷ்டியில் கல்லூரி மாணவர்களும், கல்லூரியை விட்டு உத்தியோகத்தில் புகுந்தவர்களும் இருந்தார்கள். நடு முன்வரிசையில் ஆடிய அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தவர். கறுத்துப் பருத்த திடகாத்திரர். பின்வரிசையில் நின்ற சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர். பாதிரிமார் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். பதினொரு பேரில் பூட்ஸ் அணிந்தவர் அவர் ஒருவரே. மற்றப் பத்துப் பேருக்கும் கடவுள் கொடுத்த கால்தான். சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் சிறிது புன்னகை வரத்தான் செய்யும். காலையில் துரைமாரின் காகிதங்கள், மாலையில் துரைமாரின் கோல்!

தலைவர் சிவதாஸ் பாதுரி. அவரும் அவருடைய தமையனார் விஜயதாஸும் இடப்புறத்தில் பக்கம் பக்கமாக ஆடினார்கள். இருவருக்கும் முகச்சாயல் ஒன்று. ஓடுகிற ஓட்டத்தில் இடத்தை மாற்றிக்கொண்டு விடுவார்களாம். காவலுக்கு நின்ற சிப்பாய் தம்பியைத் துரத்தி வந்ததாக எண்ணிக்கொண்டு தமையனை மறித்து நிற்பான். பந்து வேறெங்கேயோ போயிருக்கும்.

ஜூலை 10-ந் தேதி முதல் சுற்று. எதிரி ஒரு கல்லூரி: சேசு சபையார் 1860-ல் கல்கத்தாவில் நிறுவிய செயின்ட் சேவியர் கல்லூரி. (நம் கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில் செண்பகனூரில் 1895-ல் திருஇருதயக் கல்லூரியைக் கட்டியவர்களும் அதே சபையார்தான்.) மோகன் பகான் மூன்று கோல் போட்டது, கல்லூரிக்கு ஒன்றும் இல்லை. 14-ந் தேதி ரேஞ்சர்ஸ் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்றாக வென்றார்கள். 19-ந் தேதி ரைபிள் பிரிகேட் பட்டாளத்தை ஒரே ஒரு கோலில் தாண்டினார்கள். அது வரையில் நகரம் புருவத்தை மட்டும் உயர்த்தியிருந்தது. 24-ந் தேதி மிடில்ஸெக்ஸ் ரெஜிமெண்டோடு ஆடி ஒன்றுக்கு ஒன்றாகச் சமமாகி, 26-ந் தேதி மறுபடி ஆடி மூன்று கோலில் வென்றபோதுதான் நகரம் எழுந்து உட்கார்ந்தது. இறுதிப் பந்தயத்துக்கு இடையில் இருந்த நாட்கள் இரண்டே. களைப்பைப் பற்றி நினைக்க அவகாசம் ஏது?

வெறுங்காலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைச் சிலர் ஏழ்மை என்பார்கள். சிலர் வைராக்கியம் என்பார்கள். பெரும்பாலும் அது வெறும் பழக்கம்தான். காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தோடு பேசும். விரல்களால் தட்டி, உள்ளங்காலால் உருட்டி, நினைத்த மாத்திரத்தில் திருப்பலாம். பூட்ஸுக்கு அந்த லாகவம் கிடையாது. ஆனால் மழை பெய்து தரை சேறாகிவிட்டால் அதே கால் வழுக்கி ஏமாற்றும். ஆணி அடித்த பட்டாள பூட்ஸின் கீழ் விரல் அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வர்ணிக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நடக்கும் பந்தயத்துக்கு வெறுங்காலோடு இறங்கியவர்கள், எதிரியோடு மட்டுமன்றி ஆகாயத்தோடும் ஆடவேண்டியிருந்தது.

இறுதிப் பந்தயத்தின் முதற்பாதி கோலின்றிக் கழிந்தது. பிற்பாதியில் கிழக்கு யார்க்‌ஷயர் கோஷ்டிக்குத் தனி உதை ஒன்று கிடைத்தது. அவர்கள் தலைவன் ஜாக்ஸன் அதைக் கோலாக்கிவிட்டான். பட்டம் ஏறிற்று. அதைப் படித்த ஆயிரக்கணக்கான முகங்கள் எப்படி இருந்திருக்கும்! நிமிஷங்கள் ஓடின. ஆட்டம் முடிய ஐந்தே நிமிஷம் இருக்கையில் சிவதாஸ் இடப்புறமாய்ப் பாய்ந்து சென்று சமன் செய்தார். அதன் ஆரவாரம் அடங்குவதற்குள், பந்து மறுபடியும் சிவதாஸின் காலுக்கு வந்தது. எல்லாருடைய கண்ணும் அவர்மேல். தாமே கோல் போட்டு இரட்டைப் புகழ் தேடியிருக்கலாம். அவரோ பந்தை அபிலாஷுக்குத் தள்ளினார். மாணவர் தவறவிடவில்லை. இரண்டுக்கு ஒன்று!

பிறகு நடந்ததை ராய்ட்டர் தந்தி சீமைக்கே தெரிவித்தது: ஜனங்கள் சட்டைகளைக் கிழித்து ஆட்டினார்களாம். மகமதிய வாலிபர்கள் ஆனந்தத்தில் தரையில் உருண்டார்கள் என்று ஒரு முஸ்லிம் பத்திரிகை மகிழ்ச்சியோடு எழுதிற்று. 1905-ல் மத அடிப்படையில் வங்காளத்தைக் கோடு கிழித்துப் பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அந்த வரியின் அருமை தெரியும்.

இந்த வெற்றியைச் சுற்றிக் கதைகள் முளைத்ததில் ஆச்சரியமில்லை. ஆட்டம் முடிந்து திரும்புகையில் ஒரு பெரியவர் வில்லியம் கோட்டையின் கொடியைச் சுட்டிக் காட்டி, "அது எப்போது இறங்கும்?" என்று வீரர்களைக் கேட்டாராம், மறுபடியும் மோகன் பகான் கேடயம் வெல்லும்போது என்று பதில் வந்ததாம். மறுபடி அவர்கள் கேடயம் வென்ற வருஷம் 1947! கதை பிற்பாடு கட்டியதாயிருக்கலாம், வருஷம் கட்டியதல்ல. அதே 1911-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில், வங்கப் பிரிவினை ரத்து என்றும், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போகிறது என்றும் பிரகடனம் வந்தது. பந்துக்குப் பயந்துதான் துரைமார் டில்லிக்கு ஓடினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகம். பிரிவினையை எதிர்த்து ஆறு வருஷம் கஷ்டப்பட்டவர்களின் புண்ணியத்தைப் பதினொரு பேர் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. பந்து சாதித்தது வேறு. வங்காளி என்றால் பேனா பிடிக்கும் பூஞ்சை என்று துரைமார் அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்தார்கள். அதைவிட மோசம், வங்காளிகளே அதைப் பாதி நம்பியும் வந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் அபிலாஷின் பந்து போய் விழுந்தது.

அதே 1911-ல், பூமியின் மறு பக்கத்தில், இன்னொரு மாணவர் கோஷ்டிக்கும் ஒரு ஸீஸன் வாய்த்தது. அமெரிக்காவின் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டைவிட்டும் தாய்மொழியைவிட்டும் பிரித்துக்கொண்டு வந்து, தலைமயிரைக் கத்தரித்து, 'நாகரிகம்' கற்பித்த பள்ளிக்கூடம் ஒன்று பென்ஸில்வேனியாவில் கார்லைல் என்னும் ஊரில் 1879-ல் ஏற்பட்டிருந்தது. அந்தப் பிள்ளைகள் அமெரிக்க முறைக் கால்பந்தைக் கற்றுக்கொண்டார்கள். அது கையும் காலும் தோளும் சேர்ந்த முரட்டு ஆட்டம். நம்முடையதற்கும் அதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. நவம்பர் 11-ந் தேதி அவர்கள் புகழ்பெற்ற ஹார்வர்டு சர்வகலாசாலையை 18-க்கு 15 என்று தோற்கடித்தார்கள். ஜிம் தார்ப் என்ற வாலிபன் அடிபட்ட காலோடு ஆடி, நான்கு தடவை பந்தைக் கம்பத்துக்கு மேலாக உதைத்தான். அந்த ஸீஸனில் ஆடிய பன்னிரண்டு பந்தயங்களில் பதினொன்றில் ஜயம். தோற்ற ஒன்றும் ஒரே ஒரு புள்ளியில். கல்கத்தாவில் நடந்தது கார்லைலுக்கோ, கார்லைலில் நடந்தது கல்கத்தாவுக்கோ தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் இரு கோஷ்டியாரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். கார்லைல் பள்ளி 1918-ல் மூடப்பட்டது.

* * *

வெறுங்கால் அதன் பிறகும் வெகு தூரம் நடந்தது. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கோஷ்டி ஜூலை 31-ந் தேதி பிரான்ஸை எதிர்த்து ஆடியபோது, பெரும்பாலோர் பூட்ஸின்றியே ஆடினார்கள். தலைவர் டாலிமெரன் ஆவோ நாகர் குலத்தவர். கல்கத்தாவில் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் படித்தவர். மோகன் பகானிலும் ஆடியவர். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு தண்டனை உதைகளையும் வீணாக்கிவிட்டு நம்மவர் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றார்கள். ஆயினும் லண்டன் ஜனங்கள் கைதட்டி அனுப்பினார்கள். நான்கு வருஷம் கழித்து, 1952-ல், பின்லாந்தின் ஹெல்ஸிங்கி நகரத்துக் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. பழக்கம் என்பது ஒரு காலத்தில் வீரம். இன்னொரு காலத்தில் பிடிவாதம். எப்போது ஒன்று மற்றொன்றாக மாறியது என்பது பத்துக் கோல் வாங்கின பிறகே தெரிகிறது.

கொடைக்கானல் மேட்டில் நின்று ஹெல்ஸிங்கிக் குளிரை ஊகிப்பது கஷ்டமாக இல்லை. பனி விலகியபோது ஆட்டம் முடிந்திருந்தது. பிள்ளைகள் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு. கம்பளிப் பெரியவர் விடவில்லை. முன்னால் வந்த ஒரு பையனை மறித்து, "தம்பி, கடைசியிலே யார் ஜயிச்சது?" என்று கேட்டார்.

"சரியாத் தெரியல்லீங்க, தாத்தா. நாங்க மூணுன்னு சொல்றோம்; அவங்க ரெண்டுதான்னு சொல்றாங்க. ரெப்ரீக்கும் கண்ணு தெரியல்லே" என்றான் அவன்.

அவனுடைய பூட்ஸ் இரண்டும் கயிற்றால் முடிந்து கழுத்தில் மாலையாகத் தொங்கின. ஈரப் புல்லில் வெறுங்காலோடு, கால் கழுவ ஏரியைப் பார்த்து ஓடினான்.